எந்த ஊர்ப் படி என்று கேட்டீர்களா?

நேற்று அந்தக் கண்காட்சியில் பஞ்சத்தைப் பற்றிய பலகையைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அச்சடித்து, சட்டம் போட்டு, கண்காட்சி வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். "தாது வருடப் பஞ்சத்தில் அரிசி விலை பாதியாகக் குறைந்தது." 1876-78 பஞ்சத்தில், ஐயா! சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கில் மக்கள் செத்து விழுந்த பஞ்சத்தில்!

இது தப்பு என்று பலகை தயாரித்த பையனிடம் போன வாரமே சொன்னேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை போனில் சொன்னேன். சேர் என்பது பழைய எடை அளவு. அந்தக் காலத்து விலைப் பட்டியலில் ஒரு சேருக்கு எத்தனை அணா என்று போட மாட்டார்கள், ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் கிடைக்கும் என்றுதான் போடுவார்கள். ரூபாய்க்கு 16 அணா. 16 சேர் கிடைத்தால் சேர் ஓரணா. 8 சேர்தான் கிடைத்தால் சேர் இரண்டணா. எண் இறங்கினால் விலை ஏறுகிறது. இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது?

"சார், 16 பெருசா 8 பெருசா?"

"16 தான் தம்பி."

"அப்ப குறைஞ்சிருக்குல்ல?"

சரி, தக்காளிக்கு வந்தேன். "நேத்து நூறு ரூபாய்க்கு நாலு கிலோ போட்டான், இன்னிக்கு ரெண்டு கிலோதான் போடறான். விலை ஏறுச்சா, இறங்குச்சா?"

"ஏறிடுச்சு சார்."

"அதேதான்!"

"ஆனா டேபிள்ல எண் குறைஞ்சிருக்கே சார்."

மறுபடி ஓரணாவில் ஆரம்பித்தேன். மறுபடி தக்காளி. முக்கால் மணி நேரம். கடைசியில் "மாத்திடறேன் சார்" என்றான். மாற்றவில்லை. அப்படியே அச்சுக்குப் போயிருக்கிறது.

அதே பலகையின் கீழே இன்னொரு கொடுமை: "1 சேர் = 280 கிராம்." எங்கிருந்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். சென்னைப் பட்டணத்து நிறுத்தல் சேர் அது. எட்டுப் பலம், அதாவது 24 தோலா (பலமும் தோலாவும் சேரைவிடச் சின்ன எடைகள்). ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. எல்லாம் சரி. ஆனால் அவர்கள் பார்த்த விலைப் பட்டியலில் இருப்பது 80 தோலாச் சேர், ஏறக்குறைய 933 கிராம். பட்டியலின் தலைப்பிலேயே 80 தோலா என்று போட்டிருக்கிறது, நானே காட்டினேன்! பெயர் ஒன்றுதான், எடை மூன்று மடங்குக்கு மேல். மணங்கும் அப்படித்தான். சென்னையில் 25 பவுண்டு, பம்பாயில் 28, வங்காளத்தில் 82 சொச்சம். அந்தப் பஞ்சத்தில் வங்காளத்திலிருந்து கப்பல் கப்பலாகச் சென்னைக்குத் தானியம் வந்தது. எந்த மணங்கு என்று பார்க்காமல் அந்தக் கணக்கை எடுத்து எழுதினால் வந்த அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு காகிதத்திலேயே காணாமல் போய்விடும்.

நிறுத்தலாவது பரவாயில்லை. முகத்தல் கணக்குக்கு, அதாவது படியால் அளக்கிற கணக்குக்கு, வந்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஒரு படி 1.344 லிட்டர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்த ஊர்ப் படி? எந்த வருடத்துப் படி? ஒருவரும் கேட்பதில்லை. பட்டணத்தில் மரக்கால் என்றால் எட்டுப் படி. அது 750 கன அங்குலமாக இருந்தது. 1846-இல் அரசாங்கம் 800 ஆக்கியது. 400 மரக்கால் கொண்டது ஒரு கரிசை, வெள்ளைக்காரன் கணக்கில் 'கார்ஸ்' என்று வருவது. அந்த ஒரே மாற்றத்தில் ஒரு கரிசைக்குப் புது மரக்காலில் 25 மரக்கால் வித்தியாசம் வந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் மரக்காலே இரண்டு பட்டணம்படிதான்; அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு கலம். அப்புறம் அளந்த கை ஒன்று இருக்கிறது. தலை தட்டி அளந்தானா, கும்பமாக அளந்தானா? என் தாத்தா களத்தில் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்றுதான் தொடங்குவார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். குத்தகை நெல் அளந்துபோட்ட குடும்பங்களுக்குத் தெரியும், அந்தக் கும்பத்தில் எத்தனை நாள் கஞ்சி போனது என்று.

"பழைய அளவு, யார் பாக்கப் போறாங்க சார்" என்றானே, அதுதான் ஆறவில்லை. 1877 ஜனவரியில் இந்திய அரசாங்கம் அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட அரை அணா, அது போதும் என்று கூலியை வெட்டினார். கல் உடைத்து மண் சுமக்கிற உடம்புக்கு அது பத்தாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். ஒரு பவுண்டு என்றால் 454 கிராம். அதை இந்தப் பலகைக்காரர்கள் தங்கள் 280 கிராம் சேரில் போட்டு, "நாளொன்றுக்கு ஒன்றரைச் சேருக்கு மேல் வழங்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? வயிறு நிறையத்தான் போட்டிருக்கிறார்கள் என்றுதானே நினைக்கும்! அதே பட்டியலின் சேரில் சொன்னால் அரைச் சேர்கூடத் தேறாது.

பலகையை இறக்கச் சொல்லிவிட்டேன். "விழா முடியட்டும் சார்" என்றார்கள்.

இதெல்லாம் போகட்டும். என் தாத்தாவின் இரும்புப் படியை அந்தக் கண்காட்சிக்குக் கொடுத்திருந்தேன். வாயைச் சுற்றிப் பித்தளைப் பட்டை, பக்கவாட்டில் முத்திரை, நாலு தலைமுறையாக வீட்டில் இருந்தது. திரும்பி வரும்போது அடியில் ஒரு ஓட்டை. ஆணியில் மாட்டி வைக்க வசதியாக இருக்கட்டும் என்று துளை போட்டிருக்கிறார்கள்! யாரைக் கேட்டுத் துளை போட்டீர்கள்? ஒரு மேஜை கிடைக்கவில்லையா? ராத்திரி அரிசி போட்டுப் பார்த்தேன். தரையெல்லாம் கொட்டுகிறது.