கையெழுத்திட மறுத்தவள் எழுதுவது

தம்பி வேன் வாங்க எடுக்கும் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைக்க நான் மறுத்தேன். அதற்காகச் சனிக்கிழமை வெள்ளவத்தை மண்டபத்தில், பந்தியில் இருந்த என்னைப் பார்த்து உரத்த குரலில் சொல்லப்பட்டதையும், அன்றிரவே குடும்ப வட்ஸ்அப் குழுவில் பெயர் குறிப்பிடாமல் பகிரப்பட்ட "சொந்தத்துக்கு உதவாத சம்பளம் எதற்கு" என்ற பொன்மொழியையும் உங்களில் பலர் அறிவீர்கள். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பிறருடைய கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைப்பது உதவி அன்று, அதுவும் கடன்தான். பணத்தை அவர் வாங்குகிறார், பொறுப்பை நாம் வாங்குகிறோம்.

"சும்மா ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை" என்றார் பெரியப்பா. சும்மா என்றால் அந்த நிதி நிறுவனம் என்னுடைய சம்பளச் சான்றிதழை ஏன் கேட்கிறது? படிவத்தை நான் முழுவதும் வாசித்தேன் (வாசித்ததே குற்றமாகிவிட்டது போலும்). "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று அதில் இருந்தது. கடனாளி கட்டத் தவறினால் முழுத் தொகையையும் பிணையாளி ஒருவரிடமே கேட்கலாம் என்பது அதன் பொருள். முதலில் கடனாளியிடம் அறவிடுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள் என்று சொல்லும் உரிமையை எமது இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் பிணையாளிக்குத் தருகிறது. ஆனால் வழமையான பிணைப் படிவங்களில் அந்த உரிமையைத் துறப்பதாகத்தான் நாம் ஒப்பமிடுகிறோம்.

அத்துடன் முடிவதில்லை. நாம் கிறிப் என்று சொல்லும் கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. இருப்பது அவரவர் கடன் வரலாறு. நாம் வாங்கிய கடன்கள் மட்டுமன்றி நாம் பிணை நின்ற கடன்களும் அதில் வரும். நாளைக்கு நான் ஒரு சிறிய வீட்டுக்கு விண்ணப்பித்தால், வங்கி அலுவலரின் திரையில் என் பெயருக்குக் கீழே தம்பியின் வேனும் வந்து நிற்கும்.

"அவன் நேர்மையான பிள்ளை, ஏமாற்றமாட்டான்" என்கிறார்கள். ஏமாற்றுவான் என்று நான் எப்போது சொன்னேன்? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதே, அதன் பின்னர் மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களில் தவணை ஏறித் திணறியவர்கள் நேர்மையற்றவர்களா? அந்த ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்ற ஓட்டோக்காரர்கள் நேர்மையற்றவர்களா? தவணை திகதி யாருடைய நேர்மையையும் விசாரித்துக்கொண்டு வருவதில்லை.

இதை நான் படிவத்தில் படித்து அறியவில்லை. அப்பா ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். அருகிலிருந்த மேசைக்காரருக்குப் பிணை நின்றார். ஆறு மாதத்தில் அந்த மனிதர் கனடாவுக்குப் போய்விட்டார், அவருடைய கடனுக்கான கழிவு மட்டும் அப்பாவின் சம்பளத்தில் நான்கு ஆண்டுகள் நின்றது. அம்மா தன்னுடைய இரண்டு காப்புகளையும் விற்கச் செட்டியார் தெருவுக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது எனக்கு மட்டும் ஒரு சோடா வாங்கித் தந்துவிட்டு, தனக்குத் தாகமில்லை என்றார். கொட்டாஞ்சேனை வரைக்கும் வெயிலில் நடந்தோம். பல ஆண்டுகள் கழித்து அந்தப் புண்ணியவான் கொழும்புக்கு வந்தார், எங்கள் வீட்டுக்கும் வந்தார், ஒரு பெட்டி சொக்லட் தந்தார். அப்பா அவருக்குத் தேநீர் கொடுத்தார். பணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பிணையாளி இல்லாமல் வசதியற்றவர்கள் எப்படிக் கடன் பெறுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதைக் கடன் கொடுப்பவர்களிடம் கேளுங்கள்.

"உன்னுடைய படிப்புக் கடனுக்குப் பெரியப்பாதானே கையெழுத்து வைத்தார்" என்று இன்னொருவர் நினைவூட்டியிருக்கிறார். ஆம், வைத்தார். தொகை சிறியது, ஒரு தவணைகூட நான் தவறவிடவில்லை, கட்டி முடித்த அன்று கடிதத்தைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டும் ஒன்றல்ல. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

உண்மையில் என்னைச் சுட்டது வேறு. "தனிக்கட்டைதானே, இவளுக்கென்ன செலவு" என்று மச்சாள் சொன்னதற்குப் பந்தியில் பலர் சிரித்தார்கள். கலியாணம் செய்யாதவளின் சம்பளம் பொதுச்சொத்து என்று எப்போது தீர்மானிக்கப்பட்டது? தனி ஆள் என்று வீட்டுக்காரர் என்னிடம் பாதி வாடகை வாங்குவதில்லை. அம்மாவின் மருந்துக்கு எவரும் பங்கு கேட்டு வந்ததில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு என் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில் வழங்குநரின் 12 சதவீதமும் போகின்றன. ஐம்பது வயதில் அதை எடுக்கலாம், என்னுடைய முதுமைக்கு இருப்பது அதுதான். எனக்கு முடியாமல் போகும் நாளில் எனக்காக எங்கும் வந்து கையெழுத்து வைக்கப் பிள்ளைகள் இல்லை என்பதை, சிரித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். அறிந்துதான் சிரித்தார்கள்.

கேட்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், திரும்பி வராவிட்டாலும் நாம் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுங்கள், கொடுத்ததை மறந்துவிடுங்கள். படிவத்தை மட்டும் தொடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். வேனுக்கான முற்பணத்தில் சேர்த்துக்கொள்ளும்படி ஐம்பதாயிரம் ரூபாயை ஓர் உறையிலிட்டு, திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். பொன்மொழி பகிர்ந்தவர்கள் அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். உறை இன்னமும் என் அலுமாரியில் இருக்கிறது. தம்பி எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.