தக்கைப்பூண்டும் திலகவதியாரும்

எங்கள் ஊர் சிவன் கோயிலுக்குப் பின்னால் நந்தவனம் போடப்போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எப்போ பூ வரும்?" திருப்பணியில் மிஞ்சிய கப்பியையும் சிமெண்ட் கட்டியையும் கொட்டி வைத்திருந்த இடம், கடப்பாரை போட்டால் டங்கென்று எகிறுகிறது, அதில் நேராக நந்தியாவட்டையை நட்டு போட்டோ போட்டுவிட வேண்டுமாம்.

நாங்கள் முதலில் விதைத்தது தக்கைப்பூண்டு, மண்ணுக்கு உரமாக்கவே வளர்க்கிற பசுந்தாள் செடி. விவசாயம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். விதைத்து 45 நாள் வாக்கில் பூ எடுக்கும் சமயம் பார்த்து அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும், நமக்கு ஒன்றும் கிடையாது, மொத்தமும் மண்ணுக்குத்தான். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள், வேரில் மிளகு மிளகாக முடிச்சு இருக்கும், நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் காற்றிலிருக்கிற தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் பிடித்து வைக்கிறது என்று அர்த்தம். வேலிக்கு வெளியே நிற்பவருக்கு ஏதோ பச்சையாக மண்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

பக்தி விஷயத்திலும் நமக்கு இதே அவசரம். ஐந்து வயதுப் பிள்ளை மேடையேறிப் பதிகம் ஒப்பித்தால் கைதட்டுகிறோம், அதே பிள்ளை பதினைந்து வயதில் "சாமி நிஜமாவே இருக்கா?" என்று கேட்டால் வீடே பதறுகிறது. ஏன் பதற வேண்டும்? அப்பர் நாலாம் திருமுறையில் பக்தியை உழவாகவே பாடுகிறார். மெய்ம்மை உழவு, விருப்பம் விதை, பொறுமை தண்ணீர். களை என்று அவர் சொல்வது பொய்ம்மையை, சந்தேகத்தை அல்ல. அப்படியிருக்க, மனசில் இல்லாததை இருப்பதாக நடிக்கப் பிள்ளையைப் பழக்கினால் களையை விதைப்பது நாம்தானே?

அந்த அப்பரே சமணத்துக்குப் போய் தருமசேனராகப் பெரிய பெயரோடு இருந்தவர். அக்கா திலகவதியார் என்ன செய்தார்? பெரியபுராணம் சொல்வதைப் பார்த்தால், தம்பியைத் தேடிப் போய் வாதாடவில்லை. திருவதிகையில் கோயிலைப் பெருக்கினார், மெழுகினார், பூப் பறித்து மாலை கட்டினார், தம்பிக்காக இறைவனிடம் வேண்டிக்கொண்டார். சூலை நோய் என்கிற கடுமையான வயிற்றுவலி வந்து தம்பி ஆள் அனுப்பியபோதும் சமண மடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தம்பிதான் நோயோடு அக்காவிடம் வந்து சேர்ந்தார். வந்தவரை "நான் அப்பவே சொன்னேனே" என்று குத்திக்காட்டாமல் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். என்னைக் கேட்டால் தேவாரத்தில் பாதிப் புண்ணியம் அந்த அக்காவுக்குத்தான்.

என் மகள் இப்போது கோயிலுக்கு வருவதில்லை. நான் கூப்பிடுவதும் இல்லை. வீட்டில் விளக்கேற்றுகிறோம், அவள் பாட்டுக்கு அவள் படிக்கிறாள், சில நாள் ராத்திரி சாப்பிடும்போது எனக்குப் பதில் தெரியாத கேள்வியாகக் கேட்கிறாள், எனக்குத் தெரியாதும்மா என்று சொல்கிறேன். சரி, அது எங்கள் வீட்டுச் சமாச்சாரம். "கண்டிச்சு வளர்த்திருக்கணும்" என்று போனில் அக்கறைப்படுகிற சொந்தக்காரர்கள் சனிக்கிழமை காலையில் ஆளுக்கொரு களைக்கொட்டோடு கோயிலுக்கு வரவும். தெற்குப் பக்கம் முழுக்கக் கோரை, கிழங்கோடு தோண்டி எடுக்கணும்.