அடக்கத்தை அடுத்தவரிட்டக் கேக்க ஏலாது

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில நடந்தது எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் சுத்துது. நாங்கள் கட்டின காசுக்குக் கணக்குக் கேட்ட பிள்ளைக்கு, மைக்கை நிப்பாட்டிப்போட்டு மேடையில இருந்து கிடைச்ச மறுமொழி, "கொஞ்சம் அடக்கமா இரும் தங்கச்சி." கணக்கு இன்னும் வரேல்லை. மூண்டு நாளா அந்தச் சொல்தான் எனக்குள்ள உறுத்துது.

அடங்கிறது தன்வினை. அடக்கிறது பிறவினை. பள்ளிக்கூடத்தில படிச்சதுதானே? தானா அடங்கினால்தான் அடக்கம். மேடையில இருந்து சொல்லி வாறது வாய்மூடல்.

"வள்ளுவரே சொல்லியிருக்கிறார்" எண்டு இன்பொக்ஸில வந்தவைக்கு: ஓம், 13ஆம் அதிகாரம், 121 தொடக்கம் 130 வரை. முழுசா வாசியுங்கோ. "காக்க பொருளா அடக்கத்தை." என்ர பொருளை நான்தான் காக்கிறது. 125இல, பணிவு எல்லாருக்கும் நல்லது, செல்வருக்கு அது இன்னொரு செல்வம் எண்டிருக்கு. 126இல ஆமை வருது. அது தன்ர காலைத் தானேதான் உள்ளுக்கிழுக்கும். பத்துக் குறளிலயும் பெண் எண்டு ஒரு சொல் இல்லை.

அப்பா வாத்தியார். எனக்குப் பன்னிரண்டு வயசிருக்கும், திருகோணமலை பஸ் ஸ்டாண்டில மிச்சக்காசு கேட்டதுக்கு ஒரு கொண்டக்டர் அவரைத் தூசணத்தால ஏசினவன். அப்பா பேசேல்லை. குடைப்பிடியைப் பிடிச்ச கையில நரம்பு புடைச்சு நிண்டது. உப்புவெளி வரை நடந்தே வந்தம். வழியில சொன்னார், "ஒரு கடிதம் காணும், அவன்ர வேலை போயிடும். எழுதமாட்டன்." அதுதான் நான் பாத்த அடக்கம்.

அதே அப்பா, கோயில் கணக்குப் பிழைச்ச அண்டைக்குச் சபையில எழும்பிச் சத்தமாக் கேட்டவர். "அடக்கமா இருங்கோ மாஸ்டர்" எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. "மாஸ்டர் கேக்கிறார், சொல்லுங்கோ" எண்டவை. அவர் கேட்டால் நியாயம், ஒரு பொம்பிளைப்பிள்ளை கேட்டால் வாய்க்கொழுப்போ?

"குரலை உயர்த்தினது பிழைதானே?" உயர்த்தினவதான். மைக்கை நிப்பாட்டினால் பின்வரிசைக்கு வேற எப்பிடிக் கேக்கும்? "பெரியவரை மதிக்கத் தெரியாது" எண்டு எழுதினவைக்கு நான் மறுமொழி சொல்லப்போறதில்லை.

இதையும் சொல்லோணும். நான் மூண்டாம் வரிசையில இருந்தனான். அதே கேள்வி என்னட்டயும் இருந்தது. எழும்பேல்லை. வெளியில வரேக்க ஒரு அக்கா என்ர கையைப் பிடிச்சு, "நீர் நல்ல அடக்கமான பிள்ளை" எண்டவ. நெஞ்சு எரிஞ்சது. எனக்கிருந்தது பயம், அக்கா. அதுக்கு இந்தப் பேரை வையாதேங்கோ.

தங்கச்சி, அடுத்த கூட்டத்தில நான் உமக்குப் பக்கத்திலதான் இருப்பன். காசு கட்டின ரசீது என்னட்டயும் இருக்கு, எடுத்துக்கொண்டு வாறன்.