யானைக்கு அடி சறுக்கவில்லை

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை சாயங்காலம் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நம் அலபாமா அணி வேண்டர்பில்டிடம் தோற்றதிலிருந்து இன்று செவ்வாய் வரை பதினோரு பேர் எனக்கு "யானைக்கும் அடி சறுக்கும்" என்று அனுப்பிவிட்டீர்கள். ஒருவர் யானைப் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அலபாமாவின் சின்னமே யானைதான் என்பதால் பொருத்தமாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு. ஆறுதலுக்கு நன்றி. ஆனால் யானைக்கு அடி சறுக்கவில்லை சார். சறுக்க வேண்டுமென்றால் முதலில் நடந்திருக்க வேண்டும். நம்முடைய யானை வேண்டர்பில்டின் ஊரான நாஷ்வில் போய்ச் சேர்ந்ததும் படுத்துத் தூங்கிவிட்டது.

வேண்டர்பில்ட் 40, அலபாமா 35. தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணியை வேண்டர்பில்ட் தோற்கடித்தது சரித்திரத்திலேயே இதுதான் முதல் முறை. முதல் ஐந்து இடங்களில் இருந்த அணிகளோடு அதுவரை 60 முறை மோதி 60 முறையும் தோற்றவர்கள். கடைசியாக அலபாமாவை அவர்கள் ஜெயித்தது 1984இல். போன வருடம் ஆடிய 12 மேட்சில் 10 தோல்வி. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், மூன்று நாளாக எல்லோரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என் எரிச்சல் தோற்றதில் இல்லை. "குருட்டு அதிர்ஷ்டம்" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறதே, அதில்தான்.

மொத்தம் 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடத்துக்கு மேல் பந்து அவர்கள் கையில் இருந்தது. பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவதான தேர்ட் டவுன் 18 வந்ததில் 12 முறை தேவையான கெஜத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு தடவைகூட நாம் முன்னிலைக்கு வரவில்லை. அதிர்ஷ்டம் என்றால் கடைசி நொடியில் பந்து யார் தலையிலோ பட்டுத் தெறித்து இன்னொருவன் கையில் விழுவது. 42 நிமிடம் பந்தைத் தராமல் வைத்திருப்பதற்குப் பெயர் வேலை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு நான் ஏன் வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்று என் மனைவியும் கேட்டுவிட்டாள்.

என் வீட்டு ஹாலில் அன்று ஏழு பேர் இருந்தோம். அலபாமாவின் ஹண்ட்ஸ்வில் பக்கம் எங்கள் சனிக்கிழமைகள் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: சோபாவில் நம் அணியின் சிவப்புச் சட்டைகள், தரையில் பாய், டீப்பாயில் பிரியாணி. ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஒருவரும் டிவியை ஒழுங்காகப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து நாக்ஸ்வில்லில் நடக்கப்போகும் டென்னஸி மேட்சுக்கு யார் காரில் போவது, ராத்திரி தங்குவதா திரும்புவதா என்று பஞ்சாயத்து. நடுவில் சவுத் கரோலினா மேட்ச் ஒன்று இருக்கிறது, அது பேச்சிலேயே வரவில்லை. எதிரில் ஆடிக்கொண்டிருந்த வேண்டர்பில்டோ கண்ணிலேயே படவில்லை. திரும்பிப் பார்த்தால் 13-0. நம் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர், வீசிய பந்தை அவர்கள் பையன் பிடித்துக்கொண்டு அப்படியே எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுனுக்கு ஓடியிருக்கிறான். "விடு மச்சான், செகண்ட் ஹாஃப்ல பார்த்துக்கலாம்" என்றார் ஒருவர். அவர் தட்டில் இருந்த லெக் பீஸில்தான் அவருக்குக் கவனம்.

அதே மிதப்பு மைதானத்திலும் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முந்தின வாரம் ஜார்ஜியா மேட்ச். 28-0 என்று முன்னால் போனோம். அடடா, என்ன ஆட்டம்! அப்புறம் என்ன ஆனது? ஜார்ஜியா ஒவ்வொன்றாகத் திருப்பி 34-33 என்று தாண்டியே போய்விட்டது. அடுத்த பந்திலேயே 17 வயசுப் பையன் ரயன் வில்லியம்ஸ் 75 கெஜம் டச் டவுன் அடித்துக் காப்பாற்றினான். 41-34. எல்லோரும் அந்த 75 கெஜத்தைப் பற்றிப் பேசினோம். 28-0 எப்படி 33-34 ஆனது என்று ஒருவராவது கேட்டோமா? நான் கேட்கவில்லை. அந்த வீடியோவை இருபது முறை போட்டுப் பார்த்தேன். அதற்கு முன்னால் சவுத் ஃபுளோரிடாவோடு ஆடியபோதும் கடைசிக் கால்வாசி வரை 21-16 என்று இழுத்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் 42-16 என்று முடிந்ததால் மறந்துவிட்டோம். ஸ்கோர் கார்டு பார்க்கிறவனுக்கு ஓட்டை தெரியாது.

"பழைய பயிற்சியாளர் சேபன் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது" என்று அடுத்த கூட்டம். அவர் இடத்துக்கு டிபோர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் தலையில் மொத்தத்தையும் கட்டியாயிற்று. நிக் சேபன் அலபாமாவுக்கு ஆறு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை உங்கள் யாருக்கும் குறைந்ததில்லை. ஆனால் 2007ஐ மறந்துவிட்டீர்களா? நான் மறக்க முடியாது, ஏனென்றால் நான் அங்கே இருந்தேன்.

அந்த ஆகஸ்டில்தான் இரண்டு பெட்டியோடு அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவில் வந்து இறங்கினேன். கையால் தூக்கிக்கொண்டு ஓடும் விளையாட்டுக்கு ஃபுட்பால் என்று எவன் பெயர் வைத்தான் என்று சிரித்தவன் நான். முதல் மாதம் லேப், அறை, லேப், அறை. பேச ஒரு ஜீவன் கிடையாது. கடையில் பில் போடுகிற அம்மா, நான் விலை குறைவு என்று எடுத்த சிவப்புச் சட்டையைப் பார்த்து "ரோல் டைட்" என்றார். அது அலபாமா ரசிகர்களின் கோஷம் என்று தெரியாமல் "தேங்க்யூ" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த முறை போனபோது நானே முதலில் சொன்னேன். அந்த ஊர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் வார்த்தை அது.

நவம்பர் 17. லூசியானா-மன்ரோ என்று ஓர் அணி, யாரும் கேள்விப்பட்டிராத அணி, சொந்த மைதானத்தில் வந்து நம்மை 21-14 என்று தோற்கடித்துவிட்டுப் போனது. சேபனின் முதல் வருடம். சாவு வீட்டிலிருந்து திரும்புகிற மாதிரி கூட்டம் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து போனதைப் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமை எங்கள் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிற பெரியவரிடம் துக்கம் விசாரித்தேன். அந்தக் காலத்துப் பயிற்சியாளர் 'பேர்' பிரையன்ட் நாளிலிருந்து மேட்ச் பார்க்கிறவர். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அவர்கள் பஸ் வந்து நின்றபோது நான் அங்கேதான் நின்றேன். நம் பையன்கள் ஒருவன்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை." அவ்வளவுதான். மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சேபன் அந்தத் தோல்வியைப் பற்றிப் பேசும்போது பேர்ல் ஹார்பரையெல்லாம் இழுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். சரி, பேச்சு தப்பு. ஆனால் அந்தத் தோல்வியை அவர் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் என்று அதிலேயே தெரிகிறது. அதற்குப் பிறகு தரவரிசையில் இல்லாத அணிகளோடு ஆடிய மேட்ச் தொடர்ச்சியாக 100 வெற்றி. நூறு! 2021இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் வந்துதான் அந்தக் கணக்கு முடிந்தது. இந்தக் கணக்கை நான் திறமைக் கணக்காகப் பார்ப்பதில்லை. நூறு முறை எதிரில் வந்த சப்பை அணியைத் திரும்பிப் பார்த்த கணக்கு அது.

2017இல் பத்திரிகைக்காரர்கள் புகழ்ந்து தள்ளியபோது அதை எலி மருந்து என்று சொன்னவரும் அவர்தான். நம்மில் பாதிப் பேர் அந்த வாசகத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்தோம். சட்டையில் மட்டும்தான் போட்டுக்கொண்டோம் போல.

இப்போது கசப்பான விஷயம். திட்டப் போகிறீர்கள், திட்டுங்கள். நாமும் வேண்டர்பில்டும் ஆடும் எஸ்இசி லீகில் போய் ஆடக் கஷ்டமில்லாத ஒரே இடம் வேண்டர்பில்ட்தான், அங்கே அவர்கள் ரசிகர்களைவிட நம் ரசிகர்கள்தான் அதிகம் என்று இந்த மேட்சுக்கு முன்னால் டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னது யார்? அதே சேபன்தான். ஓய்வு பெற்றவர், வேடிக்கையாகச் சொன்னார், உண்மையும்கூட. எல்லாம் சரி. அந்தத் துணுக்கு வேண்டர்பில்ட் பையன்கள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? எலி மருந்துக்கு எச்சரிக்கை பலகை எழுதியவரே கடைசியில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கூடத்தில் வைத்துவிட்டார். அவர் மேல் கோபமில்லை. வருத்தம்தான். வீட்டுப் பெரியவர் ஊர்க்காரர்கள் முன்னால் வாய் தவறிப் பேசினால் வருமே, அந்த மாதிரி வருத்தம்.

"ஆட்டக்காரர்களுக்குக் காசு வர ஆரம்பித்ததிலிருந்தே விசுவாசம் போச்சு" என்கிறவர்களுக்கு: வேண்டர்பில்ட் பையன்கள் மட்டும் காற்றைக் குடித்துக்கொண்டா ஆடினார்கள்? அடுத்து.

டியேகோ பவியா. வேண்டர்பில்டின் குவார்ட்டர்பேக். பெரிய கல்லூரி ஒன்றும் சீந்தாத பையன். நியூ மெக்சிகோவில் ஒரு ஜூனியர் கல்லூரி, அங்கிருந்து நியூ மெக்சிகோ ஸ்டேட், அங்கிருந்து இப்போது வேண்டர்பில்ட். போன நவம்பரில் நம் பரம எதிரிகளான ஆபர்ன்காரர்கள் நியூ மெக்சிகோ ஸ்டேட்டை 18.5 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்து, சொந்த வீட்டில் 31-10 என்று உதை வாங்கினார்களே, அன்று உதைத்தது இதே பவியாதான். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு கொஞ்சமா? "காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொண்டார்கள்" என்று நானே மீம் போட்டேன், இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். பதினொரு மாதத்தில் அதே பையன் நம் வாசலுக்கு வந்தான். ஆபர்னை அடித்தவன் என்று தெரிந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மிஸூரியோடு இரண்டு கூடுதல் சுற்று வரை இழுத்து மூன்றே புள்ளியில் தோற்றவர்கள் என்று தெரிந்தும் உறைக்கவில்லை. அவர்கள் ஜார்ஜியா ஸ்டேட்டிடம் தோற்றதை மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தோம்.

கடைசி நேரத்தில் நம் கேப்டன் செய்ததை எல்லோரும் பார்த்தீர்கள். பந்தை எட்டி உதைத்தது, மவுத் கார்டைக் கழற்றி எறிந்தது. மன்னிப்பும் கேட்டுவிட்டார். அந்தப் பையனைக் கழுவி ஊற்றும் வேலையில் எனக்கு விருப்பமில்லை. அந்த வயதில் நான் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு ஹாஸ்டல் கதவை உடைத்திருக்கிறேன். என்னை உறுத்துவது வேறு. "எங்களைப் போய் இவர்களா?" என்ற முகம் அது. நல்ல அணியிடம் தோற்றால் அந்த முகம் வராது. அந்த முகத்தை நான் டிவியில் பார்த்தபோது என் ஹாலில் அதே மாதிரி ஏழு முகம் இருந்தது. 18 தேசியப் பட்டம் என்று சட்டையில் அடித்து விற்கிறோம், வாங்குகிறோம், பிள்ளைகளுக்கும் மாட்டிவிடுகிறோம். அந்தச் சட்டை என்ன சொல்லிக் கொடுக்கிறது என்று என் மகன் முகத்தில் அன்று பார்த்தேன். ஒன்பது வயசு. "அப்பா, அவங்க ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டான்.

ஒருவர் கேட்கிறார், "நம்ம ஊர்க்காரனுக்கு இந்த வெள்ளைக்காரன் விளையாட்டில் என்ன இவ்வளவு ஆவேசம்" என்று. ஐயா, ஆடுபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பையன்கள். அதுகூடத் தெரியாமல் இவ்வளவு நீளப் பதிவைப் படித்திருக்கிறீர்கள், உங்கள் பொறுமைக்கு வணக்கம். பதினேழு வருடம் ஓர் ஊரில் உப்பைத் தின்றவனுக்கு அந்த ஊர் தோற்றால் வலிக்கக் கூடாதா? இதற்கு மேல் இதைப் பற்றிப் பேசுவதாக இல்லை.

சரி, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு எழுதியதும் பொய்யாகிவிடும்.

நாஷ்வில்லில் எங்களுக்கு ஓர் அக்கா இருக்கிறார். டஸ்கலூசாவில் எனக்கு முதல் தீபாவளிக்குச் சோறு போட்டவர். அவருடைய பெண் இப்போது வேண்டர்பில்டில் படிக்கிறாள். சனிக்கிழமை காலை அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "அக்கா, உங்க பொண்ணு மேட்சுக்குப் போறாளா? பாவம், சிவப்புச் சட்டை ஒண்ணு வாங்கிக் கொடுத்து அனுப்புங்க, தனியா உக்காந்திருப்பா." கூடவே மூன்று சிரிப்புப் பொம்மை. அவர் படித்தார். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ராத்திரி ஒரு படம் வந்தது. நாஷ்வில்லின் பிராட்வே தெரு நடுவில் மாணவர்கள் கூட்டம், தலைக்கு மேலே பிடுங்கிய மஞ்சள் கோல் போஸ்ட். கம்பர்லாண்ட் ஆற்றில் கொண்டுபோய்ப் போட ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஓரத்தில் அந்தப் பெண், தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு வாயைத் திறந்து கத்திக்கொண்டிருக்கிறாள். படத்துக்குக் கீழே அக்கா ஒரு வரி எழுதியிருந்தார்: "தனியா இல்லடா தம்பி."

மூன்று நாளாக அதைத் திறந்து திறந்து பார்க்கிறேன். "வாழ்த்துகள் அக்கா" என்று தட்டி, அழித்து, மறுபடி தட்டி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.