கிக்கி எது, பூபா எது?

மைலோ பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் இரண்டு உருவம் வரையுங்கள். ஒன்று மூலையே இல்லாமல் வளைந்து வளைந்து போக வேண்டும். இன்னொன்று முழுக்க முனை முனையாக. ‘இதில் ஒன்றுக்குப் பெயர் கிக்கி, மற்றதுக்குப் பெயர் பூபா. எது எது?’ என்று வீட்டில் உள்ளவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். (பஸ்ஸில் வரும் ‘ப’தான் பூபாவிலும்.) சேர்த்து வைத்துக் கேட்டால் அக்கா சொன்னதையே தம்பியும் சொல்வான். ஆளுக்கு ஆள் படத்தை இடம் வலம் மாற்றி வையுங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் அநேகமாக எல்லாரும் முனை உள்ளதைத்தான் கிக்கி என்றார்கள். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுதான்யா கிக்கி, உளி மாதிரி இருக்குல்ல” என்றார்.

பாட்டியின் பதிலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் கே முனையாகவும் பி வளைவாகவும் இருப்பதால்தான் ஆட்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. தமிழில் பாருங்கள், ‘ப’ முழுக்க மூலை, ‘கி’யில்தான் வளைவும் சுழியும். எழுத்தைப் பார்த்துச் சொல்வதென்றால் நம் பிள்ளைகள் மாற்றியல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இதைத் தொடங்கி வைத்தவர் ஜெர்மன் உளவியலாளர் வுல்ஃப்காங் கோலர். 1929இல் அவர் வைத்த பெயர்கள் தக்கேட்டே, பலூபா. பலூபாவைப் பிறகு மலூமா என்று மாற்றினார். கிக்கி, பூபா 2001இல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் எழுதிய கட்டுரையில் வந்தவை. நூற்றுக்கு 95 பேர் ஒரே பதில் சொல்வதாக எழுதினார்கள். அப்புறம் 2022இல் 25 மொழிக்காரர்களிடம் கேட்ட பெரிய ஆய்வு வந்தது. அதில் கிடைத்தது 72 விழுக்காடுதான்.

இப்போது தக்கேட்டேயையும் மலூமாவையும் நம் இலக்கணத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் எல்லாம் வல்லினம். இரண்டாவதில் மெல்லினமும் இடையினமும். இதைப் பார்த்ததும் ‘அன்றே சொன்னான் தமிழன்’ என்று யாராவது வாட்சப்பில் கிளப்பிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் இலக்கணம் ஓசையைத்தான் வகை பிரித்தது, உருவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதோடு ‘ப’வும் வல்லினம். வல்லினமெல்லாம் முனை என்றால் பூபா எப்படி வளைவுப் பக்கம் போனது?

தமிழ்ப்பள்ளியில் கசடதபற வல்லினம் என்று பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்ததோடு சரி. ஏன் வல், ஏன் மெல் என்று வாயைத் திறந்து பார்க்க யாரும் சொன்னதில்லை. மனப்பாடத்துக்கு முன்னால் இந்த அட்டையை நீட்டியிருந்தால் பிள்ளைகளே கண்டுபிடித்திருப்பார்கள். ‘பூ’ சொல்லும்போது உதடு குவிகிறது, ‘கி’ சொல்லும்போது விரிகிறது. அப்படியானால் வேலை செய்வது மெய்யா, உயிரா?

அதற்கும் வழி உண்டு. உயிரை மாற்றிப் போட்டு ‘கூக்கூ’, ‘பீபீ’ என்று கேளுங்கள். கிக்கிக்கு அநேகமாக ஒரே குரலில் பதில் சொன்ன எங்கள் வீட்டில் இதற்குச் சண்டையே வந்துவிட்டது. அந்த 2022 ஆய்வில் மாண்டரின் பேசுபவர்களிடம் இந்தப் பொருத்தம் சரியாக வரவில்லையாம். அட்டையை மளிகைக்கடை தவுக்கேயிடம் (சீன முதலாளி) நீட்டிப் பார்க்க வேண்டும், கடையில் கூட்டம் இல்லாத நேரமாக.