பாவம், அந்த வாயு என்ன செய்தது?

"வாயு அடித்துப் பழுக்க வைத்தது, தொடாதீர்கள்" என்று மாதம் தவறாமல் யாராவது ஒரு பதிவு போட்டுவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த வாயு எத்திலீன் என்றால், அதைப் பழமே தயாரிக்கிறது.

1901-ல் ரஷ்யாவில் நெல்யூபோவ் என்ற ஆய்வு மாணவர், ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் குட்டையாகவும் கோணலாகவும் வளர்வதைக் கவனித்தார். விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். ஆப்பிள் தானாகவே இதை வெளியிடுகிறது என்பதை 1934-ல் ரிச்சர்ட் கேன் என்ற விஞ்ஞானி நிரூபித்தார். இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான். இத்தனை சின்ன மூலக்கூறு ஒரு ஹார்மோன் என்பதே வியப்பு!

அது வேலை செய்யும் விதம் இன்னும் அழகு. செல்லுக்குள் இருக்கும் எத்திலீன் ஏற்பிகள், அதாவது எத்திலீன் வந்து ஒட்டும் புரதங்கள், சும்மா இருப்பதில்லை; காவல்காரர்கள் மாதிரி, பழுக்கும் வேலையை எந்நேரமும் தடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஏற்பியில் ஒரு செம்பு அயனி இருக்கிறது. எத்திலீன் வந்து அதில் ஒட்டியதும் காவல் ஓய்ந்துவிடும். அப்புறம் வரிசையாக மரபணுக்கள் விழித்துக்கொள்ளும்: மாவுச்சத்து சர்க்கரையாகும், செல்சுவரில் பசை மாதிரி இருக்கும் பெக்டின் கரைந்து சதை இளகும், பச்சையம் போய் நிறம் ஏறும். வாழை, மா, தக்காளி, ஆப்பிள் போன்றவற்றில் எத்திலீன் பட்டால் பழம் இன்னும் அதிக எத்திலீனை உண்டாக்கும். அதனால்தான் பெட்டியில் ஒன்று பழுத்தால் மற்றவையும் பின்னாலேயே பழுக்கின்றன.

கார்பைடு கல் வேறு விஷயம். அதிலிருந்து வருவது அசிட்டிலீன்; கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சும் வரலாம். அந்தப் பயம் நியாயமானது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என்னைக் கேட்டால் திட்ட வேண்டியது முற்றாத காயைப் பறிப்பவர்களை. பச்சைத் தக்காளி ஒன்றைக் கூரான கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். முற்றியிருந்தால் விதையைச் சுற்றி வழவழப்பான கூழ் இருக்கும், விதைகள் கத்திக்கு நழுவி ஒதுங்கும். முற்றாததில் கூழ் திரண்டிருக்காது, விதையே அறுபடும். அதற்கு எத்திலீன் கொடுத்தாலும் ஏதோ ஒரு சிவப்பு வரும், ருசி வராது. முற்றிய வாழைக்காயின் சதையில் சுமார் 20 சதவீதம் மாவுச்சத்து இருக்கிறது, அது சர்க்கரையாக மாறிக்கொள்ளும். தக்காளியில் அப்படிப்பட்ட சேமிப்பு கிடையாது. செடி அனுப்பாத இனிப்பை எந்த வாயுவாலும் உள்ளே கொண்டுவர முடியாது.

திராட்சை, ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சு எல்லாம் வேறு கூட்டம். இவற்றை முன்கூட்டியே பறித்துவிட்டால், தடியால் அடித்தாலும் கனியாது. திராட்சையிலும் ஸ்ட்ராபெர்ரியிலும் பழுப்பதில் அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு தாவர ஹார்மோனுக்குத்தான் பெரிய பங்கு. ஸ்ட்ராபெர்ரியின் மேலே விதை மாதிரி ஒட்டியிருப்பவை ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து பழத்தைப் பெருக்க வைக்கின்றன. அந்த ஆக்சின் குறைந்த பிறகுதான் சிவப்பு ஏறும்.

ஆரஞ்சுக்கும் எத்திலீன் கொடுக்கிறார்கள், ஆனால் தோலின் பச்சையைப் போக்க மட்டும்தான். உள்ளே ஒரு துளி இனிப்பும் ஏறாது. இரவில் குளிராத ஊர்களில் பச்சைத் தோலோடு விளையும் ஆரஞ்சு நன்றாக முற்றி இனிப்பாகவே இருக்கும். நாமோ மஞ்சளைப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.