ஆவாரையை வழித்தெடுத்துவிட்டுத் தேனீ தினம் கொண்டாடுங்கள்

சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போட்டோ போட்டதோடு நிறுத்திக்கொண்டேன், பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் நேற்று ராத்திரி காலனி குரூப்பில் "சூப்பர் சார், இப்பத்தான் இடம் இடமா இருக்கு" என்று கைதட்டும் பொம்மைகளோடு வரிசையாக வந்து விழுந்த மெசேஜ்களைப் பார்த்தபிறகு முடியவில்லை. அதனால் நீளமாக எழுதப்போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடந்து போய்விடலாம்.

விஷயம் இவ்வளவுதான். யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல், ஒரு ரூபாய் செலவில்லாமல், நம் காலனியின் மூலை மனையில், மதுரை வெயிலில் தானாக நின்று பூத்துக்கொண்டிருந்த செடிகளை ஜேசிபி விட்டு வழித்தெடுத்துவிட்டோம். அந்த இடத்தில் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினால் மட்டுமே பிழைக்கிற கொரியன் புல்லை விரிக்கப்போகிறோம். சுற்றி பேவர் பிளாக். நடுவில் ஒரு செயற்கை நீரூற்று வேறு வருமாம். கோடையில் வீட்டுக்கு வாரம் ஒரு லாரி பிடிக்கிற காலனி இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பத்தியை இன்னொரு தரம் படியுங்கள்.

அங்கே என்ன இருந்தது என்று கைதட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆவாரை ஏழெட்டுப் புதர் இருந்தது. எருக்கு இருந்தது. கம்பி வேலியை ஒட்டி நொச்சியும் ஆடாதொடையும். தரையோடு கொழுஞ்சி, துத்தி. மழை பெய்தால் அப்புறம் தும்பையும் கிலுகிலுப்பையும் கிளம்பிவரும். சித்திரை வைகாசியில் உங்கள் வீட்டுத் தொட்டிச் செடிகள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்த நாட்களில் ஆவாரையும் எருக்கும் பூத்துக்கொண்டிருந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மாதங்கள்தான். ஐப்பசியில் எல்லா இடத்திலும் பூ இருக்கும், அப்போது தேனீக்கு நம் தயவு வேண்டாம். வெயில் கொளுத்துகிற, சுற்றிலும் ஒன்றுமே பூக்காத மாதங்களில் அது எங்கே போகும்?

ஆவாரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும், மன்னிக்கவும். அந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் மூடின குழாய்க்குள் இருக்கும், நுனியில் சின்ன ஓட்டை. சாதாரணத் தேனீயால் அதை எடுக்க முடியாது. கருவண்டு (பெயர்தான் வண்டு, மரத்தைத் துளைக்கிற பெரிய கறுப்புத் தேனீ அது) வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அடிக்காமல், சிறகுத் தசையை மட்டும் அதிரவிடும். ர்ர்ர் என்று ஒரு சத்தம், பக்கத்தில் நின்றால் காதில் கேட்கும். உப்பு டப்பாவைக் குலுக்கினதுபோல மகரந்தம் கொட்டும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு சின்னத் தேனீ உண்டு, அதற்கும் இந்த வித்தை தெரியும். சரி, இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? உங்கள் மாடியில் இருக்கிற கத்திரிக்கும் தக்காளிக்கும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான், நுனி வழியாக மட்டும் மகரந்தம் கொட்டுகிற குழாய்தான். காற்றிலேயே ஓரளவு காய்க்கும், இல்லை என்று சொல்லவில்லை. அதிரவைக்கிற வண்டு வந்தால் காய்ப்பு கூடும். அந்த வண்டு கத்திரி பூக்கிற நாட்களில் மட்டும் உயிரோடு இருந்தால் போதாதே, மற்ற மாதங்களிலும் அதற்குச் சாப்பாடு வேண்டுமே. அந்தச் சாப்பாட்டைத்தான் டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டோம்.

சாப்பாடு மட்டுமா? வேலி ஓரம் விழுந்து கிடந்த பழைய முருங்கைக் கட்டையையும் தூக்கிவிட்டார்கள். அதில் விரல் நுழைகிற அளவுக்கு வட்ட வட்டமாகத் துளை இருந்தது, கருவண்டு குடியிருந்த வீடு. நீலப்பட்டைத் தேனீ மண்ணில் துளை போட்டு முட்டை வைக்கும். பேவர் பிளாக்கில் எங்கே துளைப்பது?

போன புரட்டாசியில் இதே குரூப்பில் ஒரு பெரிய விவாதம் ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? "பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிருது, என்ன உரம் போடலாம்?" ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பஞ்சகவ்யா என்றார் ஒருவர், மீன் அமிலம் என்றார் இன்னொருவர், மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளிக்கச் சொன்னார் ஓர் அக்கா. நான் மட்டும் எழுதினேன்: பூசணிப்பூ விடியற்காலையில் விரியும், ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு யாராவது மகரந்தம் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோகிற ஆள் உங்கள் மாடிக்கு வரவில்லை. அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அப்புறம் யூடியூபில் பார்த்துவிட்டு, காலை ஆறு மணிக்குப் பெயின்ட் பிரஷ்ஷோடு மாடியேறிப் பூவுக்குப் பூ தடவிக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். பிரஷ் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்ய ஆள் இருந்தது ஐயா, கீழே மூலை மனையில் இருந்தது, போன சனிக்கிழமை வரைக்கும்.

இதில் உச்சம் ஒன்று சொல்கிறேன். மே 20 உலகத் தேனீக்கள் நாள். ஐ.நா. அறிவித்து 2018-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைக்குக் குரூப்பில் காலை வணக்கத்தோடு சேர்த்து ஐன்ஸ்டைன் படம் போட்டு, தேனீ அழிந்தால் நாலே வருடத்தில் மனிதன் அழிவான் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் வந்தது. அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது, அது கிடக்கட்டும். அதை அனுப்பியவர் யார், ஜேசிபிக்கு வாடகை பேசியவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. குரூப்பில் மேலே தள்ளிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கமெண்டில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பாம்பு. "மேடம், குழந்தைங்க விளையாடுற இடம், பாம்பு வரும்." வரும். நான் மறுக்கவே இல்லை. ஆனால் பாம்பு ஆவாரம்பூவை மோந்து பார்க்க வருவதில்லை, எலிக்கு வருகிறது. எலி எதற்கு வருகிறது? அந்த மனையின் தெற்கு மூலையில் நாம் கொட்டுகிற மிச்சச் சோற்றுக்கும் கோழிக் கழிவுக்கும் வருகிறது. சனிக்கிழமை ஜேசிபி செடியை எடுத்தது, அந்தக் குப்பை அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள். இறக்கி வைத்திருக்கிற பேவர் பிளாக் அடுக்கு ஒன்று போதும், ஒரு பாம்புக் குடும்பமே சந்துகளில் தங்கலாம். மனையைச் சுற்றி நடைபாதை ஓரமாக நாலடி அகலத்துக்குச் செடியைக் கழித்துவிட்டு, உள்ளே அப்படியே விடலாம் என்று போன வருடக் கூட்டத்திலேயே சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அந்தப் பேப்பர் எங்கே போனது என்று செயலாளர் சாருக்கே தெரியாது.

டெங்கு. டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கின நல்ல தண்ணீரில். உங்கள் பூந்தொட்டிக்குக் கீழே வைத்திருக்கிற பிளாஸ்டிக் தட்டில். வரப்போகிற நீரூற்றில். அடுத்தது.

"பட்டாம்பூச்சி உண்ணிச்செடியிலும்தான் உட்காருது, தேனீ சீமைக்கருவேலத்துக்கும்தான் போகுது, அப்ப அதையும் வளர்ப்பீங்களா?" இந்தக் கேள்வி நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன். உண்ணிச்செடியில் தேன் உண்டு, போகும். சீமைக்கருவேலப் பூவில் தேனீ மொய்க்கும், உண்மைதான். ஆனால் அவை வேறு எதையும் வளரவிடாது, காடு காடாக ஆக்கிரமித்துவிட்டது நமக்கே தெரியும். இன்னொன்று, பட்டாம்பூச்சி தேன் குடிப்பதோடு முடிந்துவிடாது. முட்டை வைக்க வேண்டும், புழு தின்ன வேண்டும். புழு கண்டதையும் தின்னாது. எருக்கில் முட்டை வைக்கிற வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி இருக்கிறதே, அதன் புழுவுக்கு எருக்கம்பாலின் விஷம்தான் பாதுகாப்பு, பறவை கொத்தினால் குமட்டும். வெளிர்மஞ்சளில் ஒரு பட்டாம்பூச்சி ஆவாரையில் முட்டை வைக்கும். கொரியன் புல்லில் அது எதைத் தின்னும்? 2019-ல் தமிழ் மறவன் என்று ஒரு பட்டாம்பூச்சியை மாநிலத்துக்கே அடையாளமாக அறிவித்தார்கள், எல்லோரும் பெருமையாக ஷேர் செய்தோம். பெருமை ஷேர் செய்வதோடு நிற்கிறது. ("உன் வீட்டு வாசலில் வெளிநாட்டுப் போகன்வில்லா இருக்கிறதே" என்று கேட்கப்போகிறவருக்கு: இருக்கிறது, அப்பா வைத்தது, அதற்காக எதையும் ஜேசிபி விட்டுப் பிடுங்கவில்லை.)

பாப்பாவைத் தேனீ கொட்டிவிட்டது என்று எழுதிய அக்காவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வலித்திருக்கும், பாவம்தான். ஆனால் அந்தக் கூடு இருந்தது தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், மனையில் இல்லை. இதற்கு மேல் நான் பேசினால் குழந்தைக்கு எதிராகப் பேசுகிறேன் என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

எனக்கு ஆவாரை புத்தகத்தில் படித்து வந்த பழக்கமில்லை. அம்மாச்சி ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காடு. பருத்தி பொய்த்த வருடங்களில்கூட ஓடை ஓரம் ஆவாரை மட்டும் மஞ்சளாக நிற்கும். உச்சி வெயிலில் காட்டுக்குப் போகும்போது அம்மாச்சி அந்தக் கொழுந்தை ஒரு கைப்பிடி ஒடித்துத் தலையில் வைத்து, முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு நடப்பார். எனக்கும் ஒரு கொத்து வைத்துவிடுவார், அரிக்கிறது என்று தட்டிவிட்டால் திட்டு விழும். பூவை முறத்தில் காயவைத்துத் தண்ணீரில் போட்டுக் குடிப்பது தனி. பட்டை உரிக்க ஆட்கள் வருவார்கள், தோல் பதனிடுகிற இடங்களுக்குப் போகும். உரித்த செடி அடுத்த மழைக்கு மறுபடி தழைத்து நிற்கும், யாரும் அதற்கு உரம் வைத்ததில்லை. மழை வராத ஊரில் மழையை நம்பாமல் நிற்கிற செடி என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு அது என்னவென்று புரியும். நமக்குப் புரியாது, நாம் லாரிக்குப் போன் செய்கிறவர்கள்.

பொங்கல் வந்தால் காப்புக் கட்டுக்கு மட்டும் ஆவாரம்பூ வேண்டும் நமக்கு. வேப்பிலை, கண்ணுப்பீளையோடு சேர்த்துக் கட்டின கட்டைக் காசு கொடுத்து மார்க்கெட்டில் வாங்கி வந்து வாசலில் செருகுவோம். அந்தக் கட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? வருடா வருடம் போகிக்கு முந்தின நாள் ஒரு பாட்டி சாக்குப் பையோடு நம் மூலை மனைக்குள் போய்ப் பூ ஒடிப்பார். வாட்ச்மேன் விரட்டுவார், நான் போய் "ஒடிச்சுக்கட்டும் அண்ணே" என்று சொல்லவேண்டியிருக்கும். நம் வேலிக்குள் பூத்ததை அந்த அம்மா ஒடித்துக்கொண்டுபோய் நமக்கே விற்றார். அந்த வருமானம் அவருக்கு எவ்வளவோ தெரியாது. வரும் பொங்கலுக்கு அவர் சாக்கோடு வந்து புல்வெளியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார், அவருக்கு யார் பதில் சொல்வது, செயலாளர் சாரா, கைதட்டின பொம்மைகளா?

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். "மேடம், உங்களுக்குச் செடிப் பைத்தியம்னா உங்க மொட்டை மாடியில வச்சுக்குங்க, எங்க பிள்ளைங்க தலையில ஏத்தாதீங்க" என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பதினோரு பேர் லைக். அதில் என் எதிர்வீட்டம்மாவும் ஒருவர். கொரோனா சமயத்தில் கஷாயத்துக்கு ஆடாதொடை இலை கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டியவர். அதே மனையிலிருந்துதான் பறித்துக் கொடுத்தேன், அதே வேலியோரச் செடியிலிருந்து. சரி, போகட்டும். போகட்டும் என்று சொல்கிறேனே தவிர போகவில்லை.

வேலை இன்னும் முழுதாக முடியவில்லை என்பதால் கேட்கிறேன். மேற்குப் பக்கம் இரண்டு ஆவாரை மிஞ்சியிருக்கிறது, ஜேசிபி டிரைவர் வண்டியைத் திருப்ப இடமில்லாமல் விட்டுவிட்டுப் போனது. அதையாவது விடுங்கள். நெற்றுகள் கொஞ்சம் பொறுக்கி வைத்திருக்கிறேன். விதை தோல் கெட்டியாக இருக்கும், வெந்நீரில் ஊறவைத்துப் போட்டால் முளைக்கும், ஐப்பசி மழைக்கு முன்னால் போட்டால் அதற்கப்புறம் தண்ணீரே வேண்டாம். வேண்டுகிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், மதுரைக்குள் என்றால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருவேன். "சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு" என்று தனியாக மெசேஜ் அனுப்பிய நாலு பேருக்கும் அங்கேயே நேரில் பதில் சொல்கிறேன். கமெண்டில் பாம்பு பற்றி எழுதுகிறவர்கள் மேலே அந்தப் பத்தியைப் படித்துவிட்டு எழுதவும்.